மலை ஓடைத் தண்ணீரில் நச்சு உலோகமா? இரும்பைப் பதப்படுத்தி வடிகட்டும் முழுமையான வழிகாட்டி

பழனி மலையில் சாலைக்காக வெட்டிய மண்சரிவுகளை மழை விட்டு நாலைந்து நாள் கழித்துப் பாருங்கள். கசிவு நிற்காத இடங்களில் ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று ஒரு சேறு தேங்கியிருக்கும். மேலே வானவில் போல ஒரு படலம். டீசல் கொட்டிவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். எண்ணெய் என்றால் சுழன்று மறுபடி ஒன்றுசேரும். இது கண்ணாடிச் சில்லு போல உடைந்து துண்டு துண்டாக மிதக்கும். இரும்பைக் கொண்டு பிழைக்கும் பாக்டீரியாக்கள் கட்டிய படலம் அது. அடியில் இருக்கும் ஆரஞ்சுச் சேறு, இன்னும் சரியாகப் படிகமாகாத துரு. வேதியியலில் அதற்கு ஃபெரிஹைட்ரைட் என்று பெயர்.

அதில் ஒரே ஒரு கிராமை உலர்த்தி அளந்தால், உள்ளே ஒளிந்திருக்கும் பரப்பு 200 முதல் 300 சதுர மீட்டர் வரை வரும். ஏறக்குறைய ஒரு கிரவுண்டு மனை. அந்த மனை முழுக்க ஈயமும் ஆர்சனிக்கும் வந்து ஒட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. கசிவில் தற்செயலாக நடக்கிற இந்த வேலையை நாமே ஒரு டிரம்முக்குள் நடத்திக்கொள்வதுதான் இந்த வழிகாட்டியின் விஷயம்.

நான் வேதியியல் சொல்லிக்கொடுப்பவன். மலைக் கிராமங்களில் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்துச் சோதிக்கும் வேலையில் சில வருடங்களாக இருக்கிறேன். எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "இரும்பு போட்டா விஷம் போயிடுமா சார்?" போகும். ஆனால் எந்த உலோகத்துக்கு எந்த இரும்பு, உங்கள் தண்ணீரின் குணம் என்ன என்று தெரியாமல் போட்டால் போகாது. சில சமயம் இருப்பதைவிட மோசமாகவும் ஆகும்.

கொடைக்கானலில் இருந்துகொண்டு பாதரசத்தைப் பேசாமல் இருக்க முடியாது. இங்கிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் கிடந்ததை ஊர்க்காரர்கள் வெளியே கொண்டுவந்த பிறகு நடந்தது அது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது. தொழிற்சாலைக்குக் கீழே பாம்பார் சோலை. பாம்பாறு கும்பக்கரையில் அருவியாக விழுந்து பெரியகுளம் பக்கம் இறங்கி வைகைப் படுகைக்குப் போகிறது. மேலே ஒரு பள்ளத்தில் கரைவது கீழே யாரோ ஒருவர் வீட்டுக் குடத்துக்கு வந்துசேரும் ஊர் இது.

பாதரசம் மட்டும் என்றில்லை. கண்ட இடத்தில் வீசும் பேட்டரி, ஒர்க்‌ஷாப் கழிவு, பழைய பெயின்ட் எல்லாவற்றிலிருந்தும் ஈயம் வரலாம். கேரட், உருளைக்கிழங்குக்குப் போடும் பாஸ்பேட் உரத்தில் காட்மியம் சிறிதளவு ஒட்டிக்கொண்டே வரும்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. ஆய்வக அறிக்கையில் ஏதாவது ஒரு நச்சு உலோகம் வரம்பைத் தாண்டியிருந்தால், முதல் வேலை வடிகட்டி கட்டுவது இல்லை. அந்தத் தண்ணீரைக் குடிப்பதை அன்றே நிறுத்திவிட்டு வேறு ஊற்றோ லாரித் தண்ணீரோ ஏற்பாடு செய்யுங்கள். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே நிறையப் பேருக்கு இருக்கிறது. காய்ச்சினால் கிருமி சாகும், ஈயம் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற உலோகத்தின் அடர்த்தி ஏறத்தான் செய்யும்.

படி 1: தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிறார்கள். நீங்கள் நேரத்தைச் செலவழிக்க வேண்டியதும் இங்கேதான்.

புதுப் பிளாஸ்டிக் பாட்டிலை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறவைத்து, வாலை வடிநீரில் கழுவிக் காயவையுங்கள். மாதிரி எடுத்ததும் சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் (புளிப்பு, கார அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு) 2-க்குக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் ஈயம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு, அறிக்கையில் தண்ணீர் சுத்தம் என்று வந்துவிடும். பாதரசத்துக்கு மட்டும் சாதாரண பிளாஸ்டிக் ஆகாது, அது சுவர் வழியாகவே உள்ளே வெளியே போய்வரும். கண்ணாடி அல்லது டெஃப்லான் பாட்டில் கேட்டு வாங்குங்கள்.

ஒரே இடத்தில் இரண்டு மாதிரி எடுங்கள். ஒன்று அப்படியே, இன்னொன்று அங்கேயே 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்தது. அமிலத்தை வடித்த பிறகுதான் விட வேண்டும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் உங்கள் உலோகம் கரைந்து இல்லை, மண்துகளோடு மிதந்து வருகிறது. அப்படியானால் தெளியவைக்கும் தொட்டியும் சாதா மணல் வடிகட்டியுமே பெரும்பாலான வேலையை முடித்துவிடும்.

எப்போது எடுப்பது? கோடையில் ஒருமுறை, பிறகு வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழை இறங்கும்போது ஒருமுறை. ஐப்பசி மழையில் சரிவெல்லாம் கழுவிக்கொண்டு வரும் அந்த முதல் தண்ணீர் சொல்லும் செய்தியை மாசி மாதத்துத் தெளிந்த ஓடை சொல்லாது.

கேட்க வேண்டிய சோதனைகள்: சந்தேகப்படும் உலோகங்கள், பிஎச், காரத்தன்மை, இரும்பு, பாஸ்பேட், கரைந்த கரிமப் பொருள். உலோகத்தை நுண்ணளவில் அளக்கும் ஏஏஎஸ் அல்லது ஐசிபி-எம்எஸ் கருவி உள்ள ஆய்வகமாகப் பார்த்துக் கொடுங்கள். இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500-இன்படி ஒரு லிட்டரில் ஈயமும் ஆர்சனிக்கும் 0.01 மில்லிகிராம், காட்மியம் 0.003, மொத்தக் குரோமியம் 0.05, பாதரசம் 0.001. இந்த அளவுகளுக்குக் கீழே அளக்கக்கூடிய ஆய்வகமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 2: எந்த உலோகத்துக்கு எந்த இரும்பு

நம் மலை பெரும்பாலும் சார்னோக்கைட் பாறை. சுண்ணாம்பு குறைவு. அதனால் ஊற்றுத் தண்ணீர் மென்மையாக, கொஞ்சம் புளிப்புப் பக்கமாகவே இருக்கும். சோலையிலிருந்து வரும் ஓடை என்றால் இலைமக்கின் சாயம் ஏறி வெளுத்த டீ போல இருக்கும். இந்த இரண்டு குணமும்தான் நம் தேர்வைத் தீர்மானிக்கிறது.

துருவின் பரப்புக்கு ஒரு மின்னூட்டம் உண்டு. பிஎச் ஏறக்குறைய 8-க்குக் கீழே இருக்கும்போது அது நேர் மின்னூட்டம். ஆர்சனேட் (தண்ணீரில் ஆர்சனிக்கின் ஒரு வடிவம்), குரோமேட் (குரோமியத்தின் ஒரு வடிவம்) இரண்டும் எதிர் மின்னூட்டத்தோடு வருவதால் நம் புளிப்புத் தண்ணீரில் தாமாகவே வந்து ஒட்டும். ஈயம் நேர் மின்னூட்டம் கொண்டதுதான், ஆனாலும் துருவோடு அதற்குப் பிடிப்பு அதிகம், பிஎச் 6 இருந்தால் போதும். காட்மியம் அப்படி இல்லை. 7-ஐத் தாண்டினால்தான் ஒழுங்காகப் பிடிக்கும். சமவெளியில் நன்றாக வேலை செய்த வடிகட்டி மலையில் காட்மியத்தைக் கோட்டைவிடுவதற்கு இதுதான் காரணம். தண்ணீர் உள்ளே வரும் வழியில் கழுவிய கிளிஞ்சல் துண்டுகளையோ சுண்ணாம்புக்கல் சல்லியையோ ஓர் அடுக்காகப் போட்டால் பிஎச் ஏறிவிடும்.

ஆர்சனிக் பற்றி ஒன்று. வங்கதேசத்தின் சோனோ வடிகட்டி, நேபாளத்தின் காஞ்சன் வடிகட்டி இரண்டுமே இரும்பை நம்பி ஆர்சனிக்குக்காக உருவானவை. காஞ்சனில் சாதாரண ஆணிதான், துருப்பிடிக்கத் துருப்பிடிக்க ஆர்சனிக்கைப் பிடித்துக்கொள்ளும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் டி. பிரதீப் குழு உருவாக்கிய அம்ரித் என்ற வடிகட்டிப் பொருள், படிகமாகாத இரும்பு ஆக்சைடை இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானுக்குள் சிறைவைத்தது. நான் மேலே சொன்ன ஆரஞ்சுச் சேற்றின் மிக நெருங்கிய உறவு அது.

ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு உலோக இரும்பு. லேத் பட்டறையில் சுருள் சுருளாக விழும் துருவல் போதும். இரும்பு தன் எலக்ட்ரானைக் கொடுத்து, நச்சுத்தன்மை மிகுந்த குரோமியத்தை மூன்று இணைதிறனுக்கு இறக்கும். அது ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். ஜிஐ ஆணி, ஜிஐ கம்பி எதுவும் கூடாது. அதன் மேல் பூசிய துத்தநாகம் கரைந்து தண்ணீரில் சேரும்.

இப்போது பாதரசம். இதே லேத் துருவலைப் பாதரசத் தண்ணீரில் போட்டால், கரைந்திருக்கும் பாதரசம் உலோகப் பாதரசமாக மாறும். அது ஆவியாகும். தண்ணீரில் இருந்ததை மூடிய அறைக்குள் மூச்சுக்காற்றில் விடுவதற்குச் சமம். எனவே பாதரசத்துக்கு வெறும் இரும்பு வேண்டவே வேண்டாம். கந்தகம் ஏற்றிய இரும்பு, அதாவது இரும்பு சல்பைடு தாங்கிய கரி அல்லது மணல்தான் சரி. பாதரசம் கந்தகத்தைக் கண்டால் விடாது. மெர்க்குரிக் சல்பைடாக இறுகிவிடும். அது தண்ணீரில் கரைவது கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம்.

நானோ இரும்பு, அதாவது மிக மிக நுண்ணிய இரும்புத் துகள் பற்றி இணையத்தில் நிறையப் படித்திருப்பீர்கள். போரோஹைட்ரைடு கொண்டு செய்வது அது. செய்யும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும், உலர்ந்த தூள் காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும், வடிகட்டியிலிருந்து கழுவிக்கொண்டு வெளியேயும் வரும். ஆராய்ச்சிக் கூடத்தோடு அது இருக்கட்டும்.

படி 3: பொருளைத் தயாரித்தல்

இரும்பு பூசிய மணலில் தொடங்குங்கள், அதுதான் எளிது. அரை முதல் ஒரு மில்லிமீட்டர் பருமன் உள்ள ஆற்றுமணல் ஒரு கிலோ. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். 100 கிராம் ஃபெரிக் குளோரைடு (மஞ்சள் கட்டியாகக் கிடைக்கும் ஹெக்ஸாஹைட்ரேட்) 400 மில்லி தண்ணீரில் கரையட்டும். இன்னொரு பிளாஸ்டிக் பாத்திரத்தில் 44 கிராம் காஸ்டிக் சோடாவை 400 மில்லி தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைத்து ஆறவையுங்கள். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடா மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

மணலை இரும்புக் கரைசலில் கொட்டிக் கிளறிக்கொண்டே காரக் கரைசலைச் சிறுகச் சிறுக விடுங்கள். முதலில் கொம்புத்தேன் நிறத்தில் இருக்கும். பாதி ஊற்றியதும் கறுத்துச் சிவக்கும், அதுவரை பெரிய மாற்றம் தெரியாது. அப்புறம் திடீரென்று கரண்டி கனக்கும். கேழ்வரகுக் கூழ் இறுகுவது போல, சாக்லேட் நிறத்தில் மொத்தமும் திரளும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் தாளில் பாருங்கள். 7-க்கும் 7.5-க்கும் நடுவில் வந்ததும் நிறுத்துங்கள். காரம் மிச்சமிருந்தால் இருக்கட்டும், முழுவதையும் ஊற்ற வேண்டும் என்று இல்லை.

தட்டில் பரப்பி 110 டிகிரி அடுப்பில் ஓர் இரவு உலர்த்துங்கள். காலையில் உதிர்த்து, கழுவும் தண்ணீர் நிறமில்லாமல் போகும்வரை அலசுங்கள். பத்துப் பன்னிரண்டு தடவைகூட ஆகும். ஒட்டாத துரு எல்லாம் போன பிறகு மணல் செங்கல்பொடி நிறத்தில் நிற்கும். சமையலறை அடுப்போ பாத்திரமோ இதற்கு வேண்டாம்.

இடம் குறைவு, தண்ணீரில் சாயம் அதிகம் என்றால் மணலுக்குப் பதில் மரக்கரி எடுத்துக்கொள்ளுங்கள். நம் மலையில் சீகை (வாட்டில்) மரத்துக்குப் பஞ்சமே இல்லை. வெட்டி அகற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும் மரம்தானே. காற்றுப் புகாத டிரம்மில் சுட்ட நல்ல சீகைக்கரியைத் தட்டினால் கண்ணாடி வளையல் போலக் கணீரென்று கேட்கும். சத்தம் மொத்தென்று இருந்தால் உள்ளே வேகவில்லை, அது தண்ணீரில் சாயம் விடும். இரண்டு மில்லிமீட்டர் துண்டுகளாக உடைத்து, தூளைச் சலித்து, அதே முறையில் இரும்பேற்றுங்கள். உலர்த்துவது மட்டும் 60 டிகிரிக்குள். சூடு ஏறினால் துரு படிகமாக இறுகி, அந்த ஒரு கிரவுண்டு மனை சுருங்கிப் போகும்.

கந்தக இரும்பை வீட்டில் செய்யாதீர்கள். ஃபெரஸ் சல்பேட்டும் சோடியம் சல்பைடும் சேர்ந்தால் மை போலக் கறுப்பாக இறங்கும். பார்க்கச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு துளி அமிலம் தவறி விழுந்தாலும் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை வாடை முதலில் வரும், அளவு கூடினால் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போகும். ஆபத்து அதற்கு அப்புறம்தான். புகைக்கூண்டு உள்ள கல்லூரி ஆய்வகத்தை அணுகுங்கள். செய்த பொருளைக் காற்றுப் படாமல் தண்ணீருக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும்.

படி 4: பாட்டில் சோதனை

டிரம் கட்டும் முன் இதைச் செய்தே ஆக வேண்டும். ஐந்து ஒரு லிட்டர் பாட்டில், ஐந்திலும் உங்கள் ஓடைத் தண்ணீர். வடிநீரில் உலோகம் கலந்து சோதித்தால் அருமையான முடிவு வரும், ஆனால் அதில் இலைச்சாயமும் பாஸ்பேட்டும் இருக்காது. ஒன்றில் எதுவும் போடாமல், மற்றவற்றில் அரை, ஒன்று, இரண்டு, ஐந்து கிராம் என்று பொருளைப் போட்டு 24 மணி நேரம் அவ்வப்போது குலுக்குங்கள். வடித்து, அமிலம் விட்டு, ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

கணக்கு இப்படி. தொடக்கத்தில் ஈயம் 0.05 மில்லிகிராம் இருந்து, ஒரு கிராம் போட்ட பாட்டிலில் 0.01 ஆக இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் பிடித்தது 0.04 மில்லிகிராம். பத்துக் கிலோவுக்கு 400 மில்லிகிராம். லிட்டருக்கு 0.04 வீதம் எடுத்தால் 10,000 லிட்டர் வரும். அதில் பாதியை மட்டும் நம்புங்கள். தினம் 50 லிட்டர் எடுக்கும் வீட்டுக்கு 100 நாள்.

எதுவும் போடாத பாட்டிலிலும் உலோகம் குறைந்திருந்தால் உங்கள் பாட்டிலே உறிஞ்சியிருக்கிறது. சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

படி 5: டிரம் கட்டுதல்

உணவுத் தர பிளாஸ்டிக் டிரம். அடியில் கூழாங்கல், அதன் மேல் சாதா மணல், நடுவில் பதப்படுத்திய பொருள், மேலே மீண்டும் மணல். காட்மியம் என்றால் எல்லாவற்றுக்கும் மேலே கிளிஞ்சல். சோலைத் தண்ணீர் என்றால் இதற்கு முன்னால் வெறும் கரி நிரப்பிய ஒரு வாளி. இலைச்சாயத்தில் ஒரு பங்கையாவது அது வாங்கிக்கொள்ளும்.

தண்ணீர் பொருளோடு குறைந்தது 20 நிமிடம் இருக்க வேண்டும். பத்துக் கிலோ பூசிய மணல் ஏறக்குறைய ஆறரை லிட்டர் இடம் பிடிக்கும். அப்படியானால் மணிக்கு 20 லிட்டருக்கு மேல் விடக் கூடாது. மார்கழியில் கொடைக்கானல் குளிருக்கு இந்த வினைகள் மந்தமாகிவிடும். அப்போது குழாயைப் பாதியாக மூடிவிடுங்கள்.

உலோக இரும்பு வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான் முதலில் கட்டிய வடிகட்டியில் லேத் துருவலை மட்டும் நெருக்கி நிரப்பினேன். மூன்று மாதத்தில் தண்ணீர் இறங்கவே இல்லை. திறந்து பார்த்தால் கடப்பாரை கொண்டு உடைக்க வேண்டிய அளவுக்குப் பாறையாக இறுகியிருந்தது. துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு பங்கு துருவலுக்கு மூன்று பங்கு மணல் கலந்தால் விரிய இடம் கிடைக்கும். துருவலை முதலில் சோப்புத்தூள் போட்டு வெந்நீரில் அலசி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள்.

நம் மென்மையான தண்ணீரில் இந்த இரும்பு கொஞ்சம் கரைந்தும் வரும். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டினால் வேட்டியில் கறை, வாயில் துவர்ப்பு. வெளிவரும் தண்ணீரைச் சல்லடைத் தட்டில் மழை போல விழவைத்துக் காற்றுப்பட விட்டு, இன்னொரு மணல் வாளி வழியாக இறக்குங்கள்.

படி 6: ஓட்டும்போது

முதல் மூன்று நாள் தண்ணீரைக் குடிக்க எடுக்காதீர்கள். அந்தத் தண்ணீரை ஓடையிலும் விடாமல் தொட்டியில் பிடித்துத் தெளியவையுங்கள். பிறகு ஆய்வகத்துக்கு ஒரு மாதிரி. அறிக்கை வரம்புக்குள் வந்த பிறகுதான் குடம் வைக்கலாம். அதன் பின் மாதம் ஒருமுறை, கணக்கிட்ட ஆயுளின் பாதியைத் தாண்டியதும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. ஒரு நோட்டில் தேதி, எடுத்த லிட்டர், நிறம், ஓட்டத்தின் வேகம் எழுதிவாருங்கள். வடிகட்டி நிறைந்துவிட்டதா என்பது கண்ணுக்கோ நாக்குக்கோ தெரியாது. ஈயத்துக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

டிரம்மில் தண்ணீர் வாரக்கணக்கில் அசையாமல் நிற்க விடாதீர்கள். காற்று தீர்ந்துபோனால் துருவே மறுபடி கரையத் தொடங்கும், பிடித்துவைத்த ஆர்சனிக்கும் அதோடு வெளியே வரும். பாதரசம் பிடித்த சேற்றில் காற்று இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் வளர்ந்தால் அதை மெத்தில் பாதரசமாக மாற்றக்கூடும், அது மீனில் சேர்ந்து உடம்புக்கு ஏறும் வடிவம். ஊருக்குப் போவதாக இருந்தால் வடித்துவிட்டுப் போங்கள், கந்தக இரும்பை மட்டும் உலர விடாதீர்கள். திரும்பி வந்ததும் முதல் இரண்டு டிரம் தண்ணீரைக் குடிக்காமல் தனியாகப் பிடித்துவையுங்கள்.

படி 7: பழைய பொருளை என்ன செய்வது

டிரம்மிலிருந்து எடுத்த மணலோ கரியோ இப்போது நச்சு உலோகக் கழிவு. தோட்டத்து மண்ணில் கலப்பதும், சாலைக் குழிக்குப் போடுவதும், கரிதானே என்று அடுப்பில் எரிப்பதும் கூடாது. பாதரசம் பிடித்த கரியை எரித்தால் அத்தனையும் ஒரே மூச்சில் காற்றுக்குப் போகும்.

இந்தக் கழிவிலிருந்து உலோகம் மீண்டும் கசியுமா என்று பார்க்க டிசிஎல்பி என்ற சோதனை இருக்கிறது. கசிவில் லிட்டருக்கு ஈயம், ஆர்சனிக், குரோமியம் ஒவ்வொன்றும் 5 மில்லிகிராம், காட்மியம் 1, பாதரசம் 0.2. இந்த அளவை எட்டினால் 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்குள் வரும். எட்டாவிட்டாலும் மலையில் புதைக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

ஈரத்தை வடித்து, தடித்த பிளாஸ்டிக் பையில் இரண்டு உறையாகப் போட்டு, மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். கந்தக இரும்பு மட்டும் உலரக் கூடாது, காற்றில் ஆக்சிஜனேற்றம் ஆகும், ஈரத்தோடே மூடுங்கள். டிரம் மேல் அழியாத மையில் உலோகத்தின் பெயர், எடை, எடுத்த தேதி, எந்த ஊற்று என்று எழுதுங்கள். மழைத் தண்ணீர் நுழையாத, ஓடைக்கரையிலிருந்து தள்ளிய கூரைக்குள் இருக்கட்டும். நாலைந்து வீடுகளோ ஊர்க் குழுவோ சேர்ந்து ஒரே இடத்தில் சேர்த்துவைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். அங்கீகாரம் பெற்ற அபாயக் கழிவுக் கிடங்குக்கு லாரி ஏற்றும் நாளில், டிரம் மேல் எழுதியதையும் நோட்டில் எழுதியதையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்து அனுப்புங்கள்.